பூஞ்சை வளர்கிறது, அமிலேஸ் கிடைக்கவில்லை: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

மாவுச்சத்தை உடைக்கும் அமிலேஸ் நொதியைப் பூஞ்சையிலிருந்து எடுக்கும் முதுநிலை மாணவர்களின் ஆய்வுத்திட்டம் சூடுபிடிக்கும் மாதங்களில் ஒரே கேள்வி ஆண்டுதோறும் என்னிடம் வரும்: "ஐயா, இந்தப் பூஞ்சை சரியில்லை, வேறு வகை வாங்கலாமா?" வாங்க வேண்டாம் என்பதே பெரும்பாலும் என் பதில். அளந்த முறை, குடுவைக்குள் போகும் காற்று, பி.எச். ஆகிய மூன்றையும் இதே வரிசையில் சோதித்த பிறகுதான் பூஞ்சையின் மீது குற்றம் சொல்ல வேண்டும். இந்த வரிசையை மாற்றியதால் செமஸ்டரையே இழந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது அஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே. ஜப்பானில் அரிசியிலும் சோயாவிலும் புளிக்கவைக்க உதவும் கோஜியாகப் பல நூற்றாண்டுகளாக வளர்க்கப்படும் பூஞ்சை அது. ஜோகிச்சி தகமினே 1894இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற டாகா டயாஸ்டேஸ் என்ற நொதித் தயாரிப்பு இதிலிருந்து வந்ததுதான். அவர் அதைக் கோதுமைத் தவிட்டின் மேல் வளர்த்தார். நாம் நீரில் அமிழ்த்தி வளர்க்கிறோம். தவிட்டின் மேல் இருக்கும் பூஞ்சைக்குக் காற்று தானாகக் கிடைக்கும். நீருக்குள் இருப்பதற்கு நாம்தான் ஊட்ட வேண்டும். கீழே வரும் கோளாறுகளில் பல இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து பிறப்பவை.

கோளாறைச் சொல்லும் முன், சரியான குடுவை எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும். 250 மில்லி கூம்புக் குடுவையில் 50 மில்லி வளர்ப்பு ஊடகம் (பூஞ்சைக்கான ஊட்டக் கரைசல்), அதற்கு மேல் வேண்டாம். சாப்பெக் டாக்ஸ் ஊடகத்தில் சர்க்கரையை எடுத்துவிட்டு மாவுச்சத்தைப் போடுகிறோம். லிட்டருக்கு மாவுச்சத்து 20 கிராம், சோடியம் நைட்ரேட் 3 கிராம், டைபொட்டாசியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 1 கிராம், மக்னீசியம் சல்பேட் 0.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.5 கிராம், ஃபெரஸ் சல்பேட் 0.01 கிராம். தொடக்க பி.எச். 6, வெப்பநிலை 30 டிகிரி, ஷேக்கர் நிமிடத்துக்கு 180 சுற்று. முதல் நாள் மாலையில் நீர் லேசாகக் கலங்கும். இரண்டாம் நாள் மெல்லிய கஞ்சிபோல் ஆகும். மூன்றாம் நாள் ஒரு சொட்டு எடுத்து அயோடின் விட்டால் நீலம் வராது. வாசனை ஈரத் தவிட்டை நினைவூட்டும். புளிப்போ அழுகல் நாற்றமோ இருக்கக் கூடாது.

ஒரு முன்னெச்சரிக்கை. நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் வளரும் பச்சை மஞ்சள் பூஞ்சையைத் தட்டில் எடுத்து "ஒரைசே" என்று பெயர் எழுதிவிடாதீர்கள். அஃப்ளாடாக்சின் நஞ்சைச் சுரக்கும் அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் அதன் மிக நெருங்கிய உறவு. கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. சண்டிகரில் உள்ள எம்.டி.சி.சி., புனேயில் உள்ள என்.சி.ஐ.எம். போன்ற நுண்ணுயிர்க் காப்பகங்களிலிருந்து அடையாளம் உறுதிசெய்த வகையை வாங்குங்கள். இன்னொன்று: லேமினார் ஃப்ளோ மேசை (வடிகட்டிய காற்று வீசும் வேலைமேசை) காற்றை உங்கள் முகத்தை நோக்கித் தள்ளும். வித்து நிறைந்த தட்டை அங்கே திறப்பது, வித்துகளை நீங்களே உள்ளிழுப்பதற்குச் சமம். உயிர்ப் பாதுகாப்புப் பெட்டியில் திறங்கள். முகக்கவசம் கட்டாயம்.

மூன்று நாளாகியும் குடுவை அப்படியே இருக்கிறது

இது எளிய கோளாறு. ஆட்டோகிளேவிலிருந்து எடுத்த ஊடகம் ஆறும் முன் வித்துகளை விட்டிருப்பீர்கள். குடுவையைக் கன்னத்தில் வைத்தால் சூடு தெரியக் கூடாது. அப்படியில்லை என்றால் வித்துகள் பழையவை. ஒரு சொட்டை உருளைக்கிழங்கு அகாரில் பரப்பி இரண்டு நாள் பாருங்கள். தட்டில் முளைத்தால் குற்றம் ஊடகத்தில் இருக்கிறது. முளைக்காவிட்டால் வித்தில் இருக்கிறது.

சேலம், நாமக்கல் பக்கத்து மாணவர்களுக்கு மட்டும் ஒரு சொல். ஜவ்வரிசி ஆலையிலிருந்து ஈரத் திப்பியை (மரவள்ளிச் சக்கையை)க் கொண்டுவந்து அப்படியே ஊடகத்தில் போடுகிறீர்கள். மரவள்ளியில் உள்ள லினமாரின் உடைந்தால் ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படும். அது பூஞ்சையின் சுவாசத்தையே தடுக்கும். திப்பியை மெல்லியதாகப் பரப்பி வெயிலில் நன்றாகக் காயவைத்து, பிறகு காற்றோட்டமான இடத்தில் திறந்த பாத்திரத்தில் கொதிக்கவையுங்கள். அதற்குப் பிறகு அது நல்ல, மலிவான ஊட்டம்.

பூஞ்சை செழிப்பாக இருக்கிறது, நொதி மட்டும் "பூஜ்யம்"

அதிகம் வரும் புகார் இதுதான். இங்கே நிதானமாக நடக்க வேண்டும்.

முதலில் அயோடின். வேறு எந்தக் கருவியும் வேண்டாம். இரண்டு சோதனைக்குழாய்களில் 1 சத மாவுக்கரைசல் 1 மில்லி வீதம் எடுங்கள். ஒன்றில் வடிகட்டிய வளர்ப்பு நீர் 1 மில்லி. மற்றதில் அதே நீரைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து ஆறவைத்தது 1 மில்லி. 40 டிகிரி நீரில் இரண்டையும் வைத்துவிட்டு, இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சொட்டு எடுத்து, வெள்ளைப் பீங்கான் தட்டில் நீர்த்த அயோடின் சொட்டின் மேல் விடுங்கள். கொதித்த குழாயின் சொட்டு ஒவ்வொரு முறையும் கருநீலமாகவே இருக்கும். மற்றது முதலில் கருநீலம், பிறகு ஊதா, பிறகு செம்பழுப்பு, கடைசியில் வெறும் அயோடினின் மஞ்சள். இந்த நிறமாற்றம் கண்முன் நடந்தால் உங்களிடம் நொதி இருக்கிறது. பூஜ்யம் என்று சொன்னது உங்கள் அளவீடு.

அளவீடு ஏன் பொய் சொல்லும்? நான் அடிக்கடி பார்க்கும் காரணம், உமிழ்நீர் அமிலேஸுக்கு எழுதப்பட்ட செய்முறையை அப்படியே எடுத்துக்கொள்வது. அதில் பி.எச். 6.9 பாஸ்பேட் தாங்கலும் (பி.எச். மாறாமல் வைக்கும் கரைசல்) சோடியம் குளோரைடும் இருக்கும். விலங்குகளின் அமிலேஸுக்குக் குளோரைடு தேவை. பூஞ்சை அமிலேஸுக்குத் தேவையில்லை. அதற்கு வேண்டியது சற்று அமிலமான சூழல். ஒரைசேயின் ஆல்ஃபா அமிலேஸுக்குப் பி.எச். 5 முதல் 5.5 வரை, அஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற உறவுப் பூஞ்சையின் குளுக்கோ அமிலேஸுக்கு 4 முதல் 4.5 வரை. அசிடேட் தாங்கலுக்கு மாறுங்கள். மாறிய அன்றே எண் உயர்வதைக் காண்பீர்கள்.

இரண்டாவது காரணம் நீர்க்காமல் அளப்பது. நல்ல நொதிக்கே இது நடக்கும் என்பதால் கணக்கோடு சொல்கிறேன். 1 சத மாவுக்கரைசல் 0.5 மில்லியில் இருப்பது 5 மில்லிகிராம் மாவுச்சத்து. பத்து மடங்கு நீர்த்த நொதிநீர் 0.5 மில்லி விட்டு, பத்து நிமிடத்தில் 0.6 மில்லிகிராம் மால்டோஸ் வந்தது என்று வைத்துக்கொள்வோம். மால்டோஸின் மூலக்கூற்று எடை 342, ஆக 1.75 மைக்ரோமோல். பத்து நிமிடத்தால் வகுத்து, 0.5 மில்லியால் வகுத்து, பத்தால் பெருக்கினால் மில்லிக்கு 3.5 அலகு. இப்போது அதே நீரை நீர்க்காமல் விடுகிறீர்கள். கணக்குப்படி 6 மில்லிகிராம் மால்டோஸ் வர வேண்டும், ஆனால் குழாயில் இருப்பதே 5 மில்லிகிராம் மாவு. அது தீர்ந்துகொண்டே வர, வேகம் விழுந்து, 3 மில்லிகிராமில் நின்றுவிட்டால் உங்கள் கணக்கில் 1.75 அலகுதான் வரும். நொதியில் பாதி காணாமல் போய்விட்டது. உண்மையில் எதுவும் போகவில்லை. குழாயில் இருக்கும் மாவில் பத்தில் ஒரு பங்கு அளவு உடைந்திருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். அதற்காக 5, 10, 20, 50 மடங்கு என நான்கு நீர்ப்புகள் வையுங்கள். நீர்ப்பைப் பெருக்கிய பிறகு எந்த இரண்டு விடைகள் ஒத்துப்போகின்றனவோ, அங்கே உண்மை இருக்கிறது.

அயோடினும் டி.என்.எஸ்.ஸும் (சர்க்கரையோடு சூடாக்கினால் சிவக்கும் டைநைட்ரோசாலிசிலிக் அமிலம்) முரண்பட்டால் குழம்ப வேண்டாம், அதுவும் ஒரு செய்திதான். அயோடின் நிறம் சட்டென்று மறைந்து, டி.என்.எஸ். சிவப்பு மெதுவாக ஏறினால் உங்களிடம் இருப்பது பெரும்பாலும் ஆல்ஃபா அமிலேஸ். அது சங்கிலியை நடுவில் வெட்டுகிறது. டி.என்.எஸ். விரைவாக ஏறியும் நீலம் நெடுநேரம் நிற்கிறது என்றால் குளுக்கோ அமிலேஸ். அது நுனியிலிருந்து ஒவ்வொரு குளுக்கோஸாகக் கழற்றுகிறது.

அயோடினிலும் நிறம் மாறவில்லை என்றால்தான் உண்மையிலேயே நொதி இல்லை. அப்போது முதலில் தேட வேண்டியது குளுக்கோஸ். சோறு வெந்து இலையில் விழுந்திருக்கும்போது நெல் குத்த யார் எழுந்து போவார்? பூஞ்சையும் அப்படித்தான். குளுக்கோஸ் கையில் இருக்கும்வரை கிரி-ஏ என்ற புரதம் அமிலேஸ் மரபணுக்களை அடக்கி வைத்திருக்கும். மாவு உடைந்து வரும் மால்டோஸும் ஐசோமால்டோஸும்தான் ஆமி-ஆர் என்ற மற்றொரு புரதத்தின் வழியாக அவற்றை எழுப்புகின்றன. பூஞ்சை நன்றாக வளரட்டும் என்று ஊடகத்தில் ஒரு கரண்டி குளுக்கோஸ் சேர்த்த மாணவருக்குப் பூஞ்சை நன்றாகத்தான் வளரும். மருந்துக்கடையில் கிடைக்கும் சிறுநீர்ச் சர்க்கரைப் பட்டையை வளர்ப்பு நீரில் ஒரு முறை தோய்த்துப் பாருங்கள். நிறம் ஆழமாக வந்தால் காத்திருங்கள். அடுத்த குடுவையில் குளுக்கோஸ் வேண்டாம்.

வெற்றுக் குழாயும் சிவந்துவிடுகிறது

டி.என்.எஸ். நொதியை அளப்பதில்லை; ஒடுக்கும் சர்க்கரை எதுவாக இருந்தாலும் சிவக்கும். வளர்ப்பு நீரில் ஏற்கெனவே மிதக்கும் குளுக்கோஸும் மால்டோஸும் அதில் சேர்ந்துவிடும். தண்ணீரை மட்டும் வைத்து வெற்றுக் குழாய் (ஒப்பிட வைக்கும் குழாய்) எடுப்பதுதான் பிழை. ஒரு குழாயில் மாவுக்கரைசலும் நொதிநீரும் சேர்த்துப் பத்து நிமிடம் விட்டு டி.என்.எஸ். ஊற்றுங்கள். மற்றதில் மாவுக்கரைசலில் முதலில் டி.என்.எஸ்.ஸை ஊற்றி, அதன் பிறகு அதே அளவு நொதிநீரை விடுங்கள். அதன் காரம் நொதியை உடனே செயலிழக்கச் செய்துவிடும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் நொதியின் வேலை. இரண்டாவது குழாயே கலரிமீட்டரின் எல்லையைத் தாண்டும் அளவு சிவந்தால், நொதிநீரை டயாலிசிஸ் பையில் கட்டி 4 டிகிரியில் ஓர் இரவு வைத்துச் சர்க்கரையை வெளியேற்றுங்கள். ஒரைசே அமிலேஸின் எடை 50 கிலோடால்டனுக்குச் சற்று மேல். 12 கிலோடால்டன் பையிலிருந்து அது தப்பாது.

மிளகு போன்ற உருண்டைகள், குடுவைச் சுவரில் வெள்ளை வளையம்

ஓர் உருண்டையை எடுத்துப் பிளேடால் நடுவே வெட்டிப் பாருங்கள். வெளியே ஒரு வெள்ளை ஓடு, உள்ளே மஞ்சளாகத் தொளதொளவென்று அல்லது வெறும் பொந்து. உள்ளிருந்த இழைகள் மூச்சுத் திணறிச் செத்துவிட்டன. 30 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் தாங்குவது சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன்தான். அது உருண்டையின் நடுவரை போய்ச் சேரும் முன்பே வெளி இழைகள் குடித்துவிடுகின்றன.

வித்துகளை எண்ணாமல் விட்டதே முதன்மைக் காரணம். மில்லிக்கு 10 ஆயிரம் வித்து என்றால் பெரிய உருண்டைகள் வரும். 10 லட்சம் என்றால் கடுகளவு உருண்டைகளும் தளர்ந்த இழைகளும் கலந்து வரும். கோடியைத் தாண்டினால் முழுக்க இழையாகிக் கூழாகிவிடும். நான் குறிவைப்பது 10 லட்சம். நியூபார் எண்ணும் தகட்டில் எண்ணி, உங்கள் வித்துக் கரைசல் மில்லிக்கு 10 கோடி என்றால், 50 மில்லி ஊடகத்துக்கு அரை மில்லி போதும். ஒரைசேயின் வித்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் இயல்புடையவை. அதனால் வித்துகளை வெறும் நீரில் கரைக்காமல் 0.1 சத ட்வீன் 80 (ஒட்டாமல் பிரிக்கும் சோப்பு போன்ற பொருள்) சேர்த்த நீரில் கரைத்து, கண்ணாடி மணிகளோடு நன்றாகக் குலுக்குங்கள்.

வித்து எண்ணிக்கை சரியாக இருந்தும் உருண்டை வருகிறதா? அடைப்புப் பஞ்சைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் அதன் வழியே காற்று போகாது. இன்னொன்று மின்தடை. எங்கள் ஷேக்கர் மின்சாரம் திரும்பி வந்தாலும் தானாக ஓடாது. ஒரு நாள் காலையில் கதவைத் திறந்தபோது உள்ளே நிசப்தம். பன்னிரண்டு குடுவைகளிலும் மேற்பரப்பில் பால் ஆடைபோல் தடித்த பூஞ்சைப் பாய் கட்டியிருந்தது, கீழே தெளிந்த நீர். அடர்ந்த வளர்ப்பில் கரைந்த ஆக்சிஜன் தீர்வதற்குச் சில நிமிடங்களே போதும். பாய் கட்டிய குடுவையைக் குலுக்கி மீட்க முடியாது. அந்தக் குடுவைகளை வைத்திருந்த இரு மாணவியரின் அழுகையைப் பார்த்த பிறகு, ஒரு சாதாரண மின்சாரக் கடிகாரத்தை ஷேக்கரின் அதே இணைப்பில் மாட்டிவைத்தோம். இரவில் மின்சாரம் போனால் அதன் நேரம் பின்தங்கி நிற்கும். காலையில் முதலில் பார்ப்பது அதைத்தான்.

மூன்றாம் நாள் உச்சம், ஐந்தாம் நாள் ஒன்றுமில்லை

பி.எச். அளவியை எடுங்கள். அமோனியம் சல்பேட் போட்ட ஊடகத்தில் பூஞ்சை அமோனியாவை உண்ண உண்ண அமிலம் வெளியேறும், பி.எச். 3க்கும் கீழே போகலாம். நைட்ரேட் போட்டால் நேர்மாறாக மேலே ஏறும். நைஜர் அமிலத்தில் மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் ஒரைசேயின் ஆல்ஃபா அமிலேஸ் 4க்குக் கீழே நிலைகுலையத் தொடங்கும். அது மட்டுமல்ல, அமிலச் சூழலில் சுறுசுறுப்பாகும் புரோட்டியேஸ்களும் வெளியே வந்து நம் நொதியைத் தின்னும். நைட்ரஜன் ஊட்டத்தை நைட்ரேட்டுக்கோ பெப்டோனுக்கோ மாற்றலாம். அல்லது தனியாகக் கிருமி நீக்கிய கால்சியம் கார்பனேட்டை 0.5 சதம் சேர்க்கலாம். அப்படிச் சேர்த்தால் பூஞ்சையின் உலர் எடையை அளக்க முடியாது, சுண்ணாம்பும் சேர்ந்து எடை காட்டும்.

பி.எச். நன்றாக இருந்தும் நொதி விழுகிறது என்றால் பூஞ்சை பட்டினி கிடக்கிறது. ஊட்டம் தீர்ந்ததும் இழைகள் தம்மையே கரைத்துக்கொள்ளும். உள்ளிருந்த புரோட்டியேஸ் எல்லாம் வெளியே வரும். நுண்ணோக்கியில் பார்த்தால் உள்ளடக்கம் வற்றி, வெற்றுக் குழாய்களாகத் தெரியும். இதற்கு மருந்து தேடாதீர்கள், நாளைக் கண்டுபிடியுங்கள். ஒரே நேரத்தில் தொடங்கிய ஏழெட்டுக் குடுவைகளில் 36ஆம் மணியிலிருந்து பன்னிரண்டு மணிக்கு ஒன்றாக எடுத்து அளந்தால் உங்கள் பூஞ்சையின் உச்சம் தெரிந்துவிடும். ஐந்தாம் நாள் அறுவடை என்று யாரோ எழுதியது அவர்களுடைய குடுவைக்கு.

எதிர்பாராத அளவு நொதி, கூடவே புளிப்பு நாற்றம்

மகிழ்ச்சியடையும் முன் ஒரு சொட்டில் கிராம் சாயம் (பாக்டீரியாவை வகை பிரித்துக் காட்டும் சாயமுறை) இட்டுப் பாருங்கள். ஊதாக் கோல்கள் தெரிந்தால் அது பேசில்லஸ். தானே அமிலேஸ் சுரக்கும் பாக்டீரியா என்பதால் எண்ணை அழகாக உயர்த்திக் காட்டி ஏமாற்றும். வடிகட்டிய நீரை 80 டிகிரியில் பதினைந்து நிமிடம் வைத்து, ஆறியபின் அயோடின் சோதனை செய்யுங்கள். ஒரைசேயின் நொதி அந்தச் சூட்டைத் தாங்காது. நிறம் இன்னமும் மறைகிறது என்றால் வேறு யாரோ உள்ளே இருக்கிறார்கள். நிறம் மறையவில்லை என்பதால் மட்டும் குடுவை சுத்தம் என்று ஆகிவிடாது, எல்லாப் பேசில்லஸ் நொதியும் அந்தச் சூட்டைத் தாங்குவதில்லை. நுண்ணோக்கிதான் முடிவு சொல்லும்.

அது எப்படி நுழைந்தது? பெரும்பாலும் மாவுக்கட்டி வழியாக. பச்சை மாவைக் குடுவையில் கொட்டி ஆட்டோகிளேவில் வைத்தால் அது அடியில் இறங்கிக் கொழுக்கட்டைபோல் இறுகும். கட்டியின் நடுவே 121 டிகிரி போய்ச் சேராது. பேசில்லஸ் வித்து அங்கே உயிரோடு இருக்கும். மாவைக் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் நீரில் கூழ் காய்ச்சுவதுபோல் கிளறியபடியே ஊற்றி, அது ஒரே சீராக ஆனபிறகு உப்புகளைச் சேர்த்து, 121 டிகிரியில் இருபது நிமிடம் வையுங்கள்.

வடிகட்டிய நொதி குளிர்பெட்டியிலேயே செத்துவிடுகிறது

ஆல்ஃபா அமிலேஸ் தன் வடிவத்தைக் காத்துக்கொள்ளக் கால்சியம் வேண்டும். சிட்ரேட் தாங்கலும் ஈ.டி.டி.ஏ.வும் அந்தக் கால்சியத்தைப் பிடுங்கிவிடும். பாஸ்பேட் தாங்கலில் கால்சியம் குளோரைடு சேர்த்தால் வெண்மையாகப் படிந்து வீணாகும். அந்த வெண்மையை நொதிப் படிவு என்று எண்ணி எடுத்துவைத்தவர்களும் உண்டு. பி.எச். 5.5 அசிடேட் தாங்கலில் 5 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு சேர்த்து, அதில் வைத்திருங்கள். டயாலிசிஸுக்கும் இதே தாங்கல். வடிகட்டும்போது நுரை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நுரையின் படலத்தில் புரதம் விரிந்து கெடும்.

சென்ற ஆண்டு வந்தது, இந்த ஆண்டு வரவில்லை

மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்து, அயோடினும் டி.என்.எஸ்.ஸும் ஒருசேர இல்லை என்றால், இப்போது பூஞ்சையைச் சந்தேகிக்கலாம். மாதம் ஒரு முறை சாய்வு அகாரில் மாற்றி மாற்றி வளர்க்கப்பட்ட வகை சுரப்பில் மெலிந்து போவதுண்டு. மாவு அகார் தட்டின் நடுவே ஒரு புள்ளி ஊன்றி, மூன்றாம் நாள் அயோடின் ஊற்றுங்கள். பூஞ்சைக் கூட்டத்தின் விட்டத்தையும் அதைச் சுற்றிய தெளிந்த வட்டத்தின் விட்டத்தையும் அளந்து, காப்பகத்திலிருந்து வந்த மூலக் குப்பியை ஊன்றிய தட்டோடு ஒப்பிடுங்கள். மூலக் குப்பியின் வட்டம் பெரிதாக இருந்தால் பழைய சாய்வுக் குழாய்களை எல்லாம் ஆட்டோகிளேவில் போட்டுவிட்டு, மூலத்திலிருந்து வித்து எடுத்து, 20 சத கிளிசராலில் சிறு சிறு குப்பிகளாக மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். ஒரு திட்டத்துக்கு ஒரு குப்பி. திறந்த குப்பியை மறுபடி உறையவைக்க வேண்டாம்.